மறியற்சாலைக் கதையை வாசிக்கத் தேவையான சொற்கள்

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
உயர்தர வகுப்பில் இலங்கையில் நம் பகுதியைக் களமாகக் கொண்ட ஒரு சிறைச் சிறுகதையை வாசித்து வருகிறோம். "மறியலுக்குப் போன மகன்" என்ற தொடரைக் கண்ட மாணவி ஒருத்தி, தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் கேட்ட சாலை மறியலை நினைத்து, அவன் போராட்டத்துக்குப் போயிருக்கிறான் என்றே பாதிக் கதை வரை விளங்கியிருந்தாள். "முதலாம் எதிரி" என்பதைப் பகைவன் என்று கொண்டாள். விளக்கமறியல், தடுப்புக்காவல், சரீரப் பிணை ஆகியவற்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன். தெரிந்தவர்கள் உதவுவீர்களா?

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர், மட்டக்களப்பு:
வணக்கம். வயலுக்குள் இறங்கும் மாட்டை "மறி" என்கிறோமே, அந்த வினையில்தான் இரண்டு மறியலும் பிறந்தன. அங்கே மறிக்கப்படுவது பாதை, இங்கே ஆள்; அதனால் நம்மிடம் மறியல் என்றால் சிறை. நம் நீதிமன்றத் தமிழில் வழக்கு விசாரணைக்கு "விளக்கம்" என்று பெயர். ஆகவே, குற்றவாளி என்று இன்னும் தீர்க்கப்படாத ஒருவரை நீதவானின் கட்டளைப்படி அடைத்து வைப்பதே விளக்கமறியல். பத்திரிகையில் வரும் "14 நாட்கள் விளக்கமறியல்" அடுத்த தவணை, அதாவது வழக்கு மீண்டும் அழைக்கப்படும் நாள், வரையிலான காலமே தவிர, தண்டனை அன்று; கடூழியச் சிறை, அதாவது கடின வேலையுடனான சிறை, என்பது தீர்ப்புக்குப் பின்னர் வருவது. எதிரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர், அவ்வளவே.

தடுப்புக்காவலை இதனோடு கலக்க வேண்டாம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அது அமைச்சரின் கட்டளையால் நிகழ்வது. மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை நீடிக்கலாம் என்றிருந்ததை 2022இல் 12 மாதமாகக் குறைத்தார்கள். எனவே கதை நிகழும் ஆண்டை மாணவர்கள் முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

கல்முனை வாசகி:
சரீரப் பிணையை எங்கள் வீட்டிலேயே கண்டேன். தம்பிக்காக மாமாவும் சித்தப்பாவும் கையெழுத்திட்டார்கள். காசு எதுவும் கட்டவில்லை, தம்பி தவணைக்கு வராவிட்டால்தான் பிணைத் தொகை அவர்களிடம் அறவிடப்படும். "சரீரம்" என்ற சொல்லைக் கேட்ட அம்மம்மா, தம்பிக்குப் பதிலாக மாமாவை உள்ளே போடப் போகிறார்கள் என்று எண்ணி அழுதுவிட்டார்.

கதையில் "பார்சல்" வந்தால் அது வீட்டுச் சோறு. வாசலில் காவலர் அதைப் பிரித்துக் கரண்டியால் கிளறிப் பார்த்த பின்பே உள்ளே அனுப்புவார். கலைந்த சோற்றைத் தம்பி உண்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை. அதனால் கறியை எப்போதும் தனியாகவே கட்டுவார்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. சகோதரி, உங்கள் அம்மம்மா அழுததை நாளை வகுப்பில் சொல்ல எனக்கு அனுமதி தருவீர்களா?