வாலபீஸின் வெளியேற்றமும் இன்னும் நடக்கத் தொடங்காத என் மகனும்

சிட்னித் தந்தை, 10 அக்டோபர் 2023

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இப்போது 14 மாதம் ஆகிறது. சோபாவின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பக்கவாட்டில் நகர்கிறான். ஆனால் கையை விட்டு ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. எங்கள் பெற்றோர் குழுவில் அவன் பிறந்த அதே மாதத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை 10 மாதத்திலேயே நடந்துவிட்டாள். ஒவ்வொரு சந்திப்பு முடிந்து வீடு திரும்பும்போதும் என் மனம் கனத்துவிடுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பதினைந்து ஆண்டுகளாக நான் ஆஸ்திரேலிய ரக்பி அணியான வாலபீஸின் ரசிகன். பிரான்சில் நடக்கும் உலகக் கோப்பையில் வேல்ஸ் அணியுடனான ஆட்டம் இங்கே விடியற்காலை 5 மணிக்கு ஒளிபரப்பானது. மகன் அந்த நேரத்தில் விழித்துவிடுவான் என்பதால் அவனை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தேன். 40–6 என்று தோற்றோம். நான் கத்தவில்லை, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தேன். அவன் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிறிது நேரத்தில் அழத் தொடங்கினான். நேற்றுக் காலை போர்ச்சுகல் அணி ஃபிஜியை வென்றபோதும் இதுவே நடந்தது. நாம் பிழைக்க வேண்டுமானால் அந்த ஆட்டத்தால் ஃபிஜிக்குக் குழுப் பட்டியலில் ஒரு புள்ளிகூடச் சேராதிருக்க வேண்டும். அவர்களோ 24–23 என்று ஒரே புள்ளியில் தோற்றதால், ஏழு புள்ளிகளுக்குள் தோற்றவர்களுக்குரிய போனஸ் புள்ளியைப் பெற்றுக் காலிறுதிக்குப் போய்விட்டார்கள். உலகக் கோப்பை வரலாற்றில் முதன்முறையாக நாம் குழுச் சுற்றிலேயே வெளியேறினோம்.

என் கேள்விகள் இவை: என் வருத்தம் குழந்தையைப் பாதிக்கிறதா? 14 மாதத்தில் நடக்காதது தாமதமா? ரக்பியைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் ஒன்று: இளம் வீரர்களை நம்பிப் போனது தவறான முடிவா, அல்லது நாம் இன்னும் பொறுத்திருக்க வேண்டுமா?

நியூகாசில் செவிலியர், 10 அக்டோபர் 2023

வணக்கம், தம்பி. குழந்தை நலச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நடையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் எந்த வயதில் உட்கார்ந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள் என்று பதிவு செய்தார்கள். பிடிமானம் இல்லாமல் நடப்பதற்கு அந்த ஆய்வு கண்ட கால எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. அதாவது 10 மாதத்தில் நடந்த அந்தப் பெண் குழந்தையும், 17 மாதத்தில் நடக்கப் போகும் இன்னொரு குழந்தையும் ஒரே இயல்பான வட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். முன்னதாக நடந்த குழந்தை பின்னாளில் அறிவிலோ விளையாட்டிலோ முந்தி நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே ஆய்வில் ஏறத்தாழ 4 விழுக்காடு குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை என்பதும் தெரியவந்தது. வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே படிக்கட்டில் ஏறுவதில்லை.

சோபாவைப் பிடித்து நகர்வதை நீங்கள் "ஆனால்" என்ற சொல்லுக்கு முன்னால் வைத்துக் கடந்து போய்விட்டீர்கள். நான் அதைத்தான் முதலில் கவனிப்பேன். பக்கவாட்டில் நகரும்போது உடலின் எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றப் பழகுகிறான். நடையின் பாதி வேலை அதுதான். வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள், தரையைப் பாதங்கள் உணரட்டும். சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை, விபத்துக்கும் இடம் தருகிறது. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகன் உங்கள் முகத்தைப் பார்த்தது அவனுடைய வளர்ச்சி நன்றாக நடக்கிறது என்பதற்கான அடையாளம். புரியாத சூழலில் பெற்றோரின் முகத்தைப் பார்த்து, அஞ்ச வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் திறன் ஏறத்தாழ ஒரு வயதில் உறுதிப்படுகிறது. 1985-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், கண்ணாடித் தளத்தின் அடியில் சிறு பள்ளம் இருப்பதுபோல் தோன்றும் மேசையின் ஒரு பக்கம் ஒரு வயதுக் குழந்தையையும் மறுபக்கம் தாயையும் நிறுத்தினார்கள். தாயின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடியைக் கடந்து வந்தார்கள். தாயின் முகத்தில் அச்சம் தெரிந்தபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

ஆகவே உங்கள் மனைவியோ நீங்களோ சோர்வே காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது எந்த மனிதராலும் முடியாது. வருந்தும்போது அவனைப் பார்த்து, "அப்பாவுக்கு வருத்தம், உன்னால் இல்லை" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் புரியாவிட்டாலும் குரல் புரியும். இரண்டு முறை தலையில் கை வைத்து உட்கார்ந்ததால் எந்தக் கேடும் வந்துவிடவில்லை. திரையின் முன்னால் அவன் செலவிடும் நேரத்தைத்தான் நான் குறைக்கச் சொல்வேன். இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. குழந்தை பார்க்காவிட்டாலும், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் அறையில் பெற்றோர் பேசுவது குறைகிறது, குழந்தையின் விளையாட்டும் துண்டுபட்டுப் போகிறது.

இன்னும் சில செய்திகள் தேவை. அவன் நிறைமாதத்தில் பிறந்தவனா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா? இரண்டு கால்களையும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறானா?

பிரிஸ்பேன் ரசிகர், 10 அக்டோபர் 2023

குழந்தையைப் பற்றி மேலே சகோதரி எழுதியதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு மாதமும் எனக்கும் உறக்கம் இல்லை.

இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்க ஒன்றுமே இல்லாமல் செய்ததுதான் தவறு. நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஜனவரியில் பயிற்சியாளர் டேவ் ரெனியை நீக்கிவிட்டு எடி ஜோன்ஸை அழைத்து வந்தார்கள். 2003 உலகக் கோப்பையில் இதே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டு சென்றவர் அவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் உலகக் கோப்பைக்கு எட்டு மாதமே இருக்கும்போது ஒரு பயிற்சியாளரை மாற்றினால், புதியவர் வருவதற்குள் பழைய ஆட்டமுறை மறந்து, புதிய ஆட்டமுறை பதியாத ஒரு நிலை உருவாகும். உலகக் கோப்பைக்கு முன் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்றோம். 125 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய மைக்கேல் ஹூப்பருக்கு அணியில் இடமில்லை. இன்னொரு மூத்த வீரர் குவேட் கூப்பருக்கும் இல்லை. தலைவராக அறிவிக்கப்பட்ட வில் ஸ்கெல்டனும், ஸ்க்ரமின் (இரு அணிகளின் முன்கள வீரர்களும் தோளோடு தோள் முட்டிப் பந்துக்குப் போராடுவது) தூணான தனியேலா டூப்போவும் ஜார்ஜியாவை 35–15 என்று வென்ற பிறகு காயத்தால் விலகினார்கள். ஃப்ளை ஹாஃப் என்பது ஆட்டத்தின் ஒவ்வொரு முடிவும் கடந்து செல்லும் இடம். அந்த இடத்தில் 22 வயதுக் கார்ட்டர் கார்டனை நிறுத்திவிட்டு, அவர் தடுமாறும்போது காதருகே வந்து ஒரு வார்த்தை சொல்ல, அதே இடத்தில் ஆடிப் பழகிய மூத்தவர் ஒருவரையும் அழைத்துச் செல்லவில்லை.

ஃபிஜியிடம் 22–15 என்று தோற்றதைப் பலரும் அவமானம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1954-க்குப் பிறகு ஃபிஜி நம்மை வென்றது அன்றுதான். அவர்கள் தரையில் கிடந்த பந்துக்கு நம்மைவிடக் கடுமையாகப் போராடினார்கள், வெற்றிக்கு முழுத் தகுதியும் அவர்களுக்கு இருந்தது. இரு அணிகளும் குழுப் பட்டியலில் 11 புள்ளிகளில் சமமாக முடித்தபோது, அந்த நேரடி வெற்றிதான் அவர்களைக் காலிறுதிக்கு அழைத்துச் சென்றது. இதைவிட நேர்மையான முடிவு இருக்க முடியாது.

அடுத்த உலகக் கோப்பை 2027-இல் நம் நாட்டிலேயே நடக்கவிருக்கிறது. இந்த இளைஞர்களை இப்போது கைவிட்டால், இந்த ஆண்டு பட்ட அடிகள் அத்தனையும் வீணாகிவிடும். இவர்களையே தொடர்ந்து ஆட விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிட்னித் தந்தை, 11 அக்டோபர் 2023

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா கேட்ட கேள்விகளுக்குப் பதில் இதோ. அவன் ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தான். ஜன்னலுக்கு வெளியே பறவைகளைக் கண்டால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்கிறான். பெயர் சொன்னால் திரும்புகிறான். "அம்மா" என்றும் "பா" என்றும் சொல்கிறான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நகர்கிறான். வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம் என்று இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதப்படுமோ என்ற அச்சமும் எனக்கு உண்டு.

நியூகாசில் செவிலியர், 11 அக்டோபர் 2023

ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்திருந்தால் அவனுடைய வளர்ச்சியை அளக்க வேண்டிய வயது ஏறத்தாழ 13 மாதம்தான். குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை இப்படித்தான் வயதைத் திருத்திக் கணக்கிடுவோம். பறவையைச் சுட்டிக் காட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பது எனக்கு நடையைவிடப் பெரிய மகிழ்ச்சி தரும் செய்தி. தான் கண்டதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் அந்தச் செயலிலிருந்துதான் மொழி பிறக்கிறது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. தமிழிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள். குழந்தையின் உடல்நலப் பதிவேடான நீலப் புத்தகத்தில் 18 மாதப் பரிசோதனைக்கான பக்கம் இருக்கிறது, அதைத் தவறவிட வேண்டாம்.

இரு குழந்தைகளின் தாய், 12 அக்டோபர் 2023

மேலே உள்ள ஆறுதல் மொழிகள் அனைத்தும் சரியானவை, ஆயினும் என் அனுபவத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என் மூத்தவன் 18 மாதம் கடந்தும் நடக்கவில்லை. "நம் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் நடப்பார்கள்" என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி மேலும் இரண்டு மாதம் காத்திருந்தேன். பிறகு காட்டியபோது தசைகளின் இறுக்கம் குறைவாக இருப்பது தெரிந்தது. இயன்முறைப் பயிற்சிக்குப் பின் 23 மாதத்தில் நடந்தான், இப்போது நன்றாக இருக்கிறான். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

18 மாதத்தில் தானாக நடக்காவிட்டால், அல்லது எந்த வயதிலும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒன்றை, அது சொல்லானாலும் செயலானாலும், குழந்தை செய்யாமல் விட்டுவிட்டால், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை விழட்டும் என்று விடுங்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்ததாகவும் 17 முறை விழுந்ததாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் நான் பதறி ஓடுவதை அந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் நிறுத்தினேன்.

சிட்னித் தந்தை, 12 நவம்பர் 2024

ஓராண்டுக்குப் பிறகு இங்கே மீண்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று பதில் எழுதிய மூவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மகன் கடந்த டிசம்பரில், 16 மாதத்தில் நடந்தான். சோபாவிலிருந்து புத்தக அலமாரி வரை நான்கு அடிகள் வைத்துவிட்டு உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தான். இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறான்.

ரக்பியை நான் விடவில்லை, ஆனால் அவன் விழித்திருக்கும்போது தொலைக்காட்சியைப் போடுவதில்லை. செப்டம்பரில் அர்ஜென்டினாவிடம் 67–27 என்று தோற்றதை அவன் உறங்கிய பிறகு தனியாகப் பார்த்துத் தனியாகவே வருந்தினேன். எடி ஜோன்ஸுக்குப் பின் வந்த பயிற்சியாளர் ஜோ ஷ்மிட்டின் கையிலும் இந்த அணி எழாதோ என்று அன்று அஞ்சினேன்.

சென்ற சனிக்கிழமை ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை 42–37 என்று வென்றோம். கடைசி நேரத்தில் பின்தங்கியிருந்தோம். இடது மூலையில் ஓடிச்சென்று வெற்றி ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) வைத்தவர் மேக்ஸ் ஜோர்கன்சன். 2023 உலகக் கோப்பைக்கு 18 வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சியில் காயமடைந்து, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பிரான்சிலிருந்து வீடு திரும்பிய அதே இளைஞர். பிரிஸ்பேன் நண்பர் அன்று எழுதியது எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த ஓட்டத்தை மட்டும், ஒரு நிமிடம், ஞாயிற்றுக்கிழமை காலை மகனுக்குக் காட்டினேன். நான் எழுந்து கைகளை உயர்த்தியபோது அவன் வழக்கம்போல் முதலில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்பா, ஓடு" என்று சொல்லிவிட்டு வராந்தாவின் கோடி வரை ஓடினான்.