விடைத்தாள் நகல்: 300 ரூபாயா, 80 ரூபாயா? (நேற்றைய இழையின் தொடர்ச்சி)

கறார் கந்தன்: நேற்று மறுமதிப்பீடு பற்றிய பேச்சில் ‘ஓய்வுபெற்ற வாத்தியார்’ ஐயா ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போனார். “விடைத்தாள் பல்கலைக்கழகத்தின் சொத்து. பார்க்கணும்னா கேட்ட பணத்தைக் கட்டு, இல்லைன்னா பேசாம அரியரை எழுது.” இதற்கு 14 லைக் வேறு! ஐயா, 2011 ஆகஸ்ட் 9 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்திய விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரும் ‘தகவல்’தான், எழுதியவன் கேட்டால் காட்ட வேண்டும். மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 40 பக்கத்துக்கு 80. எங்கள் பல்கலைக்கழகம் என்னிடம் பாடத்துக்கு 300 வாங்கியது. மீதி 220 எங்கே?

ஓய்வுபெற்ற வாத்தியார்: தம்பி, அது சி.பி.எஸ்.இ. வழக்கு. பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்குச் சொன்னதைப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டாதீர்கள். 31 வருடம் தாள் திருத்தியவன் சொல்கிறேன். 2 ரூபாய்க்கு நகல் கொடுக்க அங்கே என்ன பேருந்து நிலைய ஜெராக்ஸ் கடையா நடக்கிறது? விடைத்தாள் கட்டைத் தேடி எடுத்து, எழுதியவனின் பதிவெண்ணை மறைக்கப் போட்ட டம்மி நம்பரைப் பிரித்து, உங்கள் தாளைக் கண்டுபிடிப்பவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

கறார் கந்தன்: தீர்ப்பின் முதல் பக்கத்தையாவது புரட்டினீர்களா? சேர்த்து விசாரித்த மேல்முறையீடுகளில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் மேல்முறையீடும் இருந்தது. பள்ளிக்கூட வழக்காம்! சம்பளம் அரசு கொடுக்கிறது, தேர்வுக் கட்டணம் நாங்கள் கட்டுகிறோம். நான் கேட்டது 220 ரூபாய்க் கணக்கு.

நெல்லைத் தம்பி: அண்ணே, மனுவுக்கு 10 ரூபாயைச் சேர்த்தால் 90. மீதி 210தான். கணக்கிலேயே அரியரா?

கறார் கந்தன்: வந்துட்டாருய்யா தணிக்கைத் துறை. நகலுக்கான கட்டணத்தை நகலுக்கான கட்டணத்தோடு ஒப்பிட்டேன். 220தான்.

வக்கீல் வீட்டுப் பூனை: ஒரு நிமிடம். மறுகூட்டல், மறுமதிப்பீடு, நகல் மூன்றும் வேறு வேறு. 2011 தீர்ப்பு பார்க்கவும் நகல் வாங்கவும்தான் உரிமை தருகிறது. அதை வைத்து மறுமதிப்பீடு கேட்க முடியாது. கட்டண விஷயமும் 2019-லேயே முடிந்துவிட்டது. கம்பெனி செகரட்டரி தேர்வு நடத்தும் நிறுவனம் ஒரு விடைத்தாளுக்கு 500 ரூபாய் கேட்ட வழக்கு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம், நிறுவனத்தின் சொந்த விதிப்படி கேட்டால் நிறுவனத்தின் கட்டணம் என்றது உச்ச நீதிமன்றம். கந்தன், நீங்கள் எதில் விண்ணப்பித்தீர்கள்?

அரியர் அரசி: பக்கம் 2 ரூபாய் என்றால், தாளின் இரண்டு புறமும் சேர்த்தா, ஒரு புறத்துக்கா?

ஓய்வுபெற்ற வாத்தியார்: பார்த்தீர்களா, 500 ரூபாய் வாங்கலாம் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 300 மலிவு.

கறார் கந்தன்: அந்தச் சட்டத்தில் கேட்டால் வாங்கக்கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறதே! பாதியை மட்டும் படிப்பது 31 வருடப் பழக்கமோ? என் தாளையும் இப்படித்தான் திருத்தியிருப்பார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்: நாக்கை அடக்கிப் பேசுங்கள். ஒரு கட்டில் எத்தனை தாளில் சினிமாக் கதை எழுதி வைத்திருப்பான் தெரியுமா? அதையும் படித்துத்தான் மதிப்பெண் போட்டோம். 2004-ல் ஃபெயிலான ஒருவன், அப்பா சித்தப்பா சகிதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உங்கள் தகவல் உரிமை அவனுக்கு என் முகவரியையும் சேர்த்துக் கொடுக்குமா?

கறார் கந்தன்: கொடுக்காது. திருத்தியவரின் பெயர், கையெழுத்து தெரியாமல் மறைத்துத்தான் தர வேண்டும், அதுவும் அதே தீர்ப்பில்தான். அது சரி, 2004-ல் இந்தச் சட்டமே கிடையாது, 2005-ல்தான் வந்தது. பிறகு அந்தப் பையனுக்கு உங்கள் முகவரி எப்படித் தெரிந்தது? டம்மி நம்பரின் லட்சணமா?

நெல்லைத் தம்பி: 🤣 இப்போதைக்கு 210-க்கு விடை இல்லை.

அரியர் அரசி: நான் போன வருடம் மனு போட்டேன். 30 நாளில் பதில் வர வேண்டும், 29-ஆம் நாள் வந்தது: “விடைத்தாள் அழிக்கப்பட்டுவிட்டது.” வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த பிறகு கேட்டால் ஒன்றும் செய்ய முடியாதாம். ரிசல்ட் வந்த கையோடு கேட்டுவிடுங்கள். அப்புறம், என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள், ஒரு புறத்துக்கா?

ஓய்வுபெற்ற வாத்தியார்: 2018-ல் யூ.பி.எஸ்.சி. வழக்கில் மதிப்பெண் விவரம் தர வேண்டியதில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வக்கீல் வீட்டுப் பூனை: ஐயா, பள்ளி வழக்கு பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது என்றீர்கள். ஐ.ஏ.எஸ். தேர்வு வழக்கு மட்டும் பொருந்துமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்: அம்மா, உங்களிடம் நான் கேட்கவில்லை. பேர் வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்.

கறார் கந்தன்: பெயரைப் பற்றி ‘ஓய்வுபெற்ற வாத்தியார்’ பேசுகிறார். ஓய்வுபெற்றவர் ஓய்வெடுக்கலாமே. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், மீதி 220 எங்கே?

ஓய்வுபெற்ற வாத்தியார்: நானும் கேட்கிறேன். 300 கட்டி நகல் வாங்கிப் பார்த்தீர்களே, எத்தனை மதிப்பெண் கூடியது?

கறார் கந்தன்: அது இங்கே விஷயமில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்: சும்மா சொல்லுங்கள்.

வக்கீல் வீட்டுப் பூனை: எதில் விண்ணப்பித்தீர்கள் என்பதையும் இன்னும் சொல்லவில்லை.

கறார் கந்தன்: பல்கலைக்கழகம் கொடுத்த படிவத்தில்தான். வேறு எதில் கேட்பார்கள்? அதனால் 220 எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிடுமா?

நெல்லைத் தம்பி: 210.