பொருள்: ‘ஏஜ் ஃப்ரெண்ட்லி பார்க்’ – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அன்பர்களே,
கட்டடக்கலை மாணவர்களோடு சென்னையில் தெருப்பூங்காக்களை மதிப்பிடப் போகிறோம். படிவம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இருக்கை உயரம், நிழல், கழிப்பறை, சரிவு எல்லாம் எழுதியாயிற்று. தலைப்பில் முட்டி நிற்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் விசாரித்து 2007இல் போட்ட கையேட்டால் பரவிய தொடர் இது. மாணவர்கள் ‘முதியோர் நட்புப் பூங்கா’ என்கிறார்கள். கிழவர்கள் நட்பு பிடிக்கிற இடம் போலிருக்கிறது.
– செ.

மூதாளர் நேயப் பூங்கா. புறநானூறு 243இல் தண்டூன்றி, இருமலுக்கிடையே சில சொல் பேசுகிறவர் ‘பெருமூதாளர்’. இதைவிட என்ன வேண்டும்?
– ந.

ந. ஐயா, மூதாளர் சரி. நேயம் வடமொழிச் ‘சிநேக’த்தின் பாகத (பிராகிருத) திரிபு.
– இரா.

நெய் > நேயம். ஒட்டும் தன்மை. தேவநேசனாக இருந்த தனித்தமிழறிஞர் பாவாணர் தேவநேயன் ஆனது எதற்காம்?
– ந.

அவர் பெயரை மாற்றிக்கொண்டதால் சொல்லின் வேர் மாறாது ஐயா. வடமொழிச் சிநேகத்துக்கும் எண்ணெய் என்றே பொருள். பூங்காவில் எண்ணெய் எதற்கு? வழுக்கினால் இடுப்பெலும்பு போகும்.
– இரா.

நட்பும் வேண்டாம் நேயமும் வேண்டாம், ‘ஏற்ற’ போதாதா? ஆனால் மூலத்தில் இருப்பது வயது, முதுமை அல்ல. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் பாட்டிக்கும் அதே சரிவுப்பாதைதான்.
– க.

‘வயதுக்கேற்ற பூங்கா’ என்றால் மருந்துச்சீட்டு மாதிரி இருக்கிறதே, அம்மா.
– இரா.

நேற்று மாலை படிவத்தோடு எங்கள் தெருப் பூங்காவுக்குப் போனேன். எட்டு வடிவ நடைபாதையில் இரண்டு சுற்று முடித்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் காட்டினேன். “முதலாளிங்க பார்க்காம்மா?” என்றார். மூதாளரை அப்படி வாசித்திருக்கிறார். எழுந்திருக்க சிமென்ட் பெஞ்சில் பிடிமானம் இல்லை. என் தோளை அழுத்தித்தான் எழுந்தார். “மொதல்ல இதுக்கு ரெண்டு பக்கமும் கை வைக்கச் சொல்லு.” படிவத்தில் ‘கைத்தாங்கி’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘கை வைத்த பெஞ்சு’ என்று எழுதிவிட்டேன். தலைப்பு ‘முதியோருக்கு ஏற்ற பூங்கா’. க. அம்மா சொன்ன குறை இருக்கத்தான் செய்கிறது. அச்சகம் காத்திருக்கிறது.
– செ.

சரி, போகட்டும். என் உடன்பாடின்மை பதிவாகட்டும். அது சரி, ‘பெஞ்சு’ எப்படி உள்ளே வந்தது? விசிப்பலகை என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறதே!
– ந.

சிமென்டில் பலகை ஏது ஐயா?
– இரா.