பிஜி பக்கத்து வீடும் 'வெறும் ஏழு டெசிபல்' மேதாவியும்

அல்சூர் அரட்டை:
'புதுவீடு' தம்பி நேற்று ஒரு கேள்வி போட்டிருந்தார். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது அடி சைட், கீழும் மேலுமாகப் பழைய வீடு, 1 கோடியே 20 லட்சம் சொல்கிறார்கள். ஒட்டினாற்போல் நாலு மாடி பிஜி, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதி. இரவு பதினொன்றுக்குப் போய் மொபைல் ஆப்பில் அளந்தால் 52 டெசிபல் காட்டுகிறது, வாங்கலாமா என்று கேட்டார். அதற்கு நம் கோலார் தங்கம் அருளிய பதில்: "சட்டம் 45 என்கிறது, உனக்கு 52. வெறும் ஏழு டெசிபல். ஏழுக்குப் பயந்தவன் வாடகை வீட்டிலேயே கிட."

இதைப் படித்து வந்த எரிச்சலில் தனி இழையே திறந்துவிட்டேன். டெசிபல் என்ன தக்காளிக் கணக்கா, 45 கிலோவோடு ஏழு கிலோ சேர்த்தால் 52 என்பதற்கு? பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. ஏழு ஏறினால் ஐந்து மடங்கு. ஐந்து மடங்கைக் காதில் கொட்டிவிட்டு 'வெறும்' என்று எழுத எப்படி மனசு வருகிறது?

கோலார் தங்கம்:
வந்துவிட்டார் வாத்தியார். ஆற்றல் ஐந்து மடங்கு, சரி. காதுக்கு ஐந்து மடங்காகவா கேட்கிறது? பத்து டெசிபல் ஏறினால்தான் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். ஏழு என்றால் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பாதிப் பாடத்தைப் படித்துவிட்டு இழை திறக்கிறார்கள்.

நான் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைனில் பிறந்தவன். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். அதில்தான் தூங்கினோம், அதில்தான் படித்தோம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்களே, அப்போதுதான் எங்கள் அப்பாவுக்குத் தூக்கம் போனது. எங்களிடம் வந்து ஏழு டெசிபல் கதை சொல்லாதீர்கள்.

கணக்குப்புலி:
சண்டைக்கு நடுவே ஒரு சின்ன விஷயம். விதியில் இருக்கும் 45 என்பது இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைக்குமான சராசரி அளவு. தம்பியின் 52, ஆப் அந்த நிமிஷம் காட்டிய எண். அதுவும் அளவு சரிபார்க்காத மொபைல் மைக்கில். இரண்டையும் கழித்து 'ஏழு' என்பதே தப்புக் கணக்கு. முதலில் எதைச் சத்தம் என்கிறீர்கள், எத்தனை நேரம், ஜன்னலைத் திறந்து வைத்தா மூடி வைத்தா, அதைச் சொல்லுங்கள்.

அல்சூர் அரட்டை:
அதெல்லாம் அப்புறம். ஏழு என்பது ஐந்து மடங்கா இல்லையா, அதை முதலில் அவர் ஒத்துக்கொள்ளட்டும்.

கோலார் தங்கம்:
காதுக்கு ஒன்றரை.

அல்சூர் அரட்டை:
ஆற்றல் ஐந்து.

ஃபில்டர் காபி:
உங்கள் ஐந்தையும் ஒன்றரையையும் தள்ளி வையுங்கள். ஜீவன்பீமா நகரில் பிஜிக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவள் சொல்கிறேன். இரவு பதினொன்றில் ஒன்றுமே இல்லை. அப்போது பிள்ளைகள் ஹெட்ஃபோனும் போனுமாகத்தான் இருக்கும். விடிகாலை நாலரைக்குத்தான் ஆரம்பம். தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டியிலிருந்து மேல் டேங்குக்கு மோட்டார். அது நின்றதும் சமையல்கார அண்ணன் இட்லிக் கொப்பரையைச் சிமெண்டுத் தரையில் தரதரவென்று இழுப்பார். ஆறரைக்குச் சாப்பிட்ட ஸ்டீல் தட்டுகளைத் தொட்டிக்குள் ஒவ்வொன்றாக எறிவார்கள். எறிவார்கள் என்றால் நிஜமாகவே எறிவார்கள், என் சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கலாம். ஐடி ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன் நடுராத்திரி கட்டிலை நகர்த்துவது தனிக் கணக்கு. இதெல்லாம் எந்த ஆப்பில் எத்தனை டெசிபல்?

கோலார் தங்கம்:
மேடம், நீங்களே சொல்லிவிட்டீர்கள், பதினொன்றுக்கு ஒன்றுமில்லை என்று. நான் சொன்னதும் அதுதான். 52 என்பது தெருவில் போகிற ஸ்கூட்டர் சத்தமாகக்கூட இருக்கலாம். ஏழு டெசிபலுக்கு ஒரு நல்ல சைட்டை விடச் சொல்கிறார் அல்சூர்க்காரர்.

ஃபில்டர் காபி:
நாலரை மணியைப் பற்றிச் சொன்னேனே, அது கண்ணில் படவில்லையா?

வாடகைக்காரன்:
'வாடகை வீட்டிலேயே கிட' என்பதற்கு யாராவது மன்னிப்புக் கேட்கப் போகிறீர்களா? வாடகையில் இருப்பவன் என்ன இளப்பமா? பிடிக்கவில்லை என்றால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு நான் கிளம்பிவிடுவேன், உங்களால் முடியுமா? தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான். அதே தெருவில் ஒரு பதினொரு மாத அக்ரிமெண்ட் போட்டுக் குடியிருந்து பார்த்துவிட்டு வாங்கட்டும்.

கோலார் தங்கம்:
பதினொரு மாதம் உட்கார்ந்து பார்த்தால் விலை ஏறிவிடும். வாங்கிப் போடு, பிடிக்காவிட்டால் விற்றுக்கொள். மனை எங்கேயும் ஓடாது.

கணக்குப்புலி:
விற்றுக்கொள் என்பது எத்தனை சுலபம்! 1 கோடியே 20 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியில் 1-லிருந்து 2 சதவீதம் ஆகிவிட்டது. இரண்டும் சேர்த்தே 8 லட்சத்து 40 ஆயிரம், செஸ் தனி. திருப்பி விற்றால் அது போனது போனதுதான். விற்கும்போது வருகிறவனும் பிஜியைப் பார்த்துத்தானே விலை கேட்பான்?

புதுவீடு:
அண்ணா, எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார் ஓனர். ஜன்னலை மாற்றினால் சத்தம் குறையுமா?

அல்சூர் அரட்டை:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். கோலார் தங்கம் அவர்களே, சட்டம் 45 என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் 52 என்பது சட்டத்தை மீறியது. மீறியதை 'வெறும்' என்பவர் நாளை சிக்னலை 'வெறும்' ஏழு விநாடி தாண்டினேன் என்பாரா?

கோலார் தங்கம்:
சட்டமா? வாருங்கள், படிப்போம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் 55, இரவு 45. அதே விதிகளில் புகார் கொடுப்பதைப் பற்றியும் இருக்கிறது. அளவைவிடப் பத்து டெசிபலோ அதற்கு மேலோ போனால் புகார் கொடுக்கலாம். பத்து. உங்களிடம் இருப்பது ஏழு. அல்சூரில் ஏழும் பத்தும் ஒன்றா?

இந்த மாதிரி ஆட்கள்தான் தம்பி மாதிரிப் பையன்களைப் பயமுறுத்தி, கடைசியில் ஊருக்கு வெளியே சந்தாபுரத்துக்கு அப்பால் மாந்தோப்புக்கு நடுவில் ஃப்ளாட் வாங்க வைக்கிறார்கள். அங்கே சத்தம் இருக்காது, தண்ணீரும் இருக்காது.

அல்சூர் அரட்டை:
வரியைப் பாதியில் வெட்டிவிட்டார் பாருங்கள்! அதே வாக்கியத்தில் 'அல்லது' என்று மேலே போகிறது. இரவு நேரக் கட்டுப்பாடுகளை மீறினாலும் புகார் கொடுக்கலாம். அதற்குப் பத்து டெசிபல் கணக்கு வேண்டியதில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றம் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று தீர்ப்பே கொடுத்திருக்கிறது. இரவில் 112-க்கு அடித்தால் போலீஸ் வரும்.

கோலார் தங்கம்:
தண்ணி மோட்டார் ஒலிபெருக்கியா? இட்லிக் கொப்பரை ஒலிபெருக்கியா? இரவுக் கட்டுப்பாடு ஸ்பீக்கருக்கும் ஹாரனுக்கும் பட்டாசுக்கும் கட்டட வேலை மிஷினுக்கும். போலீஸ் வந்து கொப்பரையைக் கைது செய்யுமா? பொதுத் தொல்லை என்று கேஸ் போட்டாலும் அபராதம் ஆயிரம் ரூபாய்தான். பழைய சட்டத்தில் இருநூறு. பிஜி ஓனர் ஒரு பெட்டின் வாடகையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுநாளும் மோட்டாரைப் போடுவான்.

ஃபில்டர் காபி:
அப்படியென்றால் வாங்காதே என்பதற்கு நீங்களே காரணம் சொல்கிறீர்கள், கோலார் சார்.

கோலார் தங்கம்:
இல்லை மேடம். சட்டத்தை நம்பி வீடு வாங்காதே, காதை நம்பி வாங்கு என்கிறேன். ஏழு டெசிபலுக்குக் காது பழகிவிடும்.

ஃபில்டர் காபி:
எனக்குப் பழகவில்லை. என் மாமியாருக்குப் பழகியது, அவருக்குக் காது கேட்காது.

கணக்குப்புலி:
மோட்டார் எத்தனை நேரம் ஓடும் என்று யாராவது யோசித்தீர்களா? பிஜியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும், ஆளுக்கு 70 சதுர அடி இடம் வேண்டும் என்று 2024-இல் மாநகராட்சி விதி போட்டது. அறுபது பேர் என்றால் 8,100 லிட்டர். தினமும் மேலே ஏறியாக வேண்டும். தம்பி செய்ய வேண்டியது, அந்த பிஜிக்கு வணிக உரிமம் இருக்கிறதா, எத்தனை பெட், மோட்டார் எந்தச் சுவரோரம் இருக்கிறது, இதைப் பார்ப்பது. தரையோடு இறுக்கிய மோட்டாரின் அதிர்வு சுவர் வழியாக வரும். அதற்கு ஜன்னலை மாற்றி என்ன செய்ய?

அல்சூர் அரட்டை:
நல்ல விஷயம். ஆனால் ஏழு என்பது ஐந்து மடங்கு என்பதை இன்னும் யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை.

கோலார் தங்கம்:
சத்தத்தைப் பற்றிப் பேசுகிற யோக்கியதை யாருக்கு இருக்கிறது என்றும் பார்க்கலாமே. ஆடி வந்தால் அல்சூர்ச் சந்துகளில் கூழ் ஊற்றும்போது கட்டுகிற ஸ்பீக்கர் எத்தனை டெசிபல்? காலை ஐந்து மணிக்கு அம்மன் பாட்டு. அப்போது உச்ச நீதிமன்றம் 2005 எங்கே போகும்? பிஜிப் பிள்ளை தட்டைப் போட்டால் மட்டும் 112.

அல்சூர் அரட்டை:
சாமி காரியத்தை இதில் இழுக்காதீர்கள். வருஷத்தில் சில நாள், அதுவும் அனுமதி வாங்கி. பிஜி வருஷம் முழுக்க. அந்தக் கூழை வாங்க வரிசையில் நின்ற கோலார்க்காரர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

கோலார் தங்கம்:
அனுமதி வாங்கினாலும் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும்தான், அதுவும் அரசு சொல்கிற நாட்களில், வருஷத்துக்குப் பதினைந்துக்கு மேல் கிடையாது. காலை ஐந்துக்குக் கிடையவே கிடையாது. உங்கள் சட்டம்தான் சார் அது.

வாடகைக்காரன்:
என் மன்னிப்பு இன்னும் வரவில்லை.

ஓசூர் பையன்:
நானும் பிஜியில்தான் இருக்கிறேன். ஒரு ரூமில் நாலு பேர். இழை முழுக்க எங்களை ஏதோ சத்தம் போடும் மிருகம் மாதிரி எழுதுகிறீர்கள். அந்த பிஜியில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்துப் பிள்ளைகள்தான். பக்கத்து வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குரைத்து நாங்கள் தூங்காமல் லாகின் பண்ணியதை எந்த இழையில் எழுதுவது?

ஃபில்டர் காபி:
தம்பி, நாய் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அந்தத் தட்டு எறிகிறவரிடம் சொல்லு.

புதுவீடு:
அண்ணா, லேமினேட் கண்ணாடி போட்டு, சந்து இல்லாமல் ரப்பர் வைத்து அடைத்தால் பரவாயில்லை என்கிறார் ஜன்னல்காரர். போடலாமா?

கணக்குப்புலி:
பேச்சுச் சத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும், மூடி வைத்திருக்கும் வரை. பெங்களூரில் ஏசி இல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்குகிறவர் என்றால் அந்தக் காசு தண்டம்.

அல்சூர் அரட்டை:
தம்பி, இவர் பேச்சைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். போன வருஷம் இ-காத்தா (சொத்தின் மின்னணுப் பதிவுச் சான்று) இழையில் "அதெல்லாம் கேட்க மாட்டார்கள், நேராகப் பதிவுக்குப் போ" என்று இதே கோலார் தங்கம்தான் எழுதினார். ஒருவர் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வரை போய்த் திரும்பி வந்தார். நினைவிருக்கிறதா?

கோலார் தங்கம்:
அவரிடம் வரி ரசீதே சரியாக இல்லை. அந்த இழையின் கடைசியில் இருக்கிறது, போய்ப் படியுங்கள். பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர். ஏழுக்குப் பதில் இல்லை, அதனால் இ-காத்தா. நானே கேஆர் புரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் கட்டிக் குடியிருக்கிறேன். ராத்திரி கூட்ஸ் வண்டி போகும்போது அளந்தால் உங்கள் ஆப்பே வெடித்துவிடும். என் பேரன் அதில்தான் தூங்குகிறான்.

ஃபில்டர் காபி:
பேரனுக்கு என்ன வயசு?

கோலார் தங்கம்:
எட்டு மாதம்.

அல்சூர் அரட்டை:
எட்டு மாதக் குழந்தையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்! ஐந்து மடங்கு. நான் சொன்னது சொன்னதுதான்.

கோலார் தங்கம்:
ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி நகருக்கு வாருங்கள். நானே சரியான மீட்டர் வாடகைக்கு எடுத்து வருகிறேன். நாலரை மணிக்கே வையுங்கள், மோட்டாரும் ஓடட்டும். 52-க்கு மேல் ஒரு புள்ளி காட்டினால் அப்போது பேசலாம்.

புதுவீடு:
அண்ணா, டோக்கன் வெள்ளிக்கிழமை.

வாடகைக்காரன்:
மீட்டருக்கு மட்டும் வாடகை பரவாயில்லையா கோலார் சார்?