திங்கட்கிழமை மனிதவளத் துறை என்னை அழைத்திருக்கிறது: மன்னிப்புக் கடிதம் அனுப்பலாமா?

அம்மாபேட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்து, சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அண்மையில்தான் இங்கே வந்து சேர்ந்தேன். எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் ஒருவர் தயாரித்த சோதனை அறிக்கையில் ஓர் அளவீடு தவறாக இருந்தது. கூட்டத்தில் அதை எடுத்துச் சொன்னால் எல்லார் முன்னிலையிலும் அவருக்குத் தலைகுனிவாகும் என்று எண்ணி அங்கே பேசாமல் இருந்துவிட்டு, மாலையில் மேலாளருக்கு மட்டும் விவரமாக மின்னஞ்சல் எழுதினேன். மேலாளரோ அதை அப்படியே அவருக்கு அனுப்பி, இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் அந்த மூத்தவர், பக்கத்து மேசையில் இருந்துகொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலே ஏன் எழுதினீர்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி நேராகக் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. இப்போது மேலாளரும் மனிதவளத் துறை அலுவலரும் திங்கட்கிழமை என்னைச் சந்திக்க நேரம் குறித்திருக்கிறார்கள். அனைவருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிடலாமா, அல்லது அவர்கள் நீக்குவதற்குமுன் நானே விலகிவிடுவதுதான் மரியாதையா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.

சூரமங்கலம் எழுதியது:

பதற வேண்டாம், தம்பி. நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே இருக்கிறேன். வந்த முதல் குளிர்காலத்தில், நான் பாடுபட்டு வரைந்த வரைபடத்தைக் கூட்டத்திலேயே ஒருவர் பயன்படாது என்று ஒதுக்கியபோது, அவருக்கு என்மேல் பகை என்றே முடிவு கட்டி, நெடுநாள் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். அவரோ அன்று மாலையே என் குழந்தைக்கு மிதிவண்டி ஏதும் வேண்டுமா என்று விசாரித்திருந்தார். வேலையில் குறை சொல்பவர் மனிதரையும் வெறுக்கிறார் என்று கொள்ளக் கூடாது என்பதை அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் புரிந்துகொண்டேன். உங்கள் நிலைக்கு வருகிறேன்: பணியாளர் மன்ற உறுப்பினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இங்கே 5 பணியாளர் இருந்தாலே அத்தகைய மன்றம் அமைக்கச் சட்டம் இடம் தருகிறது. பணிநீக்கக் கடிதம் கையில் வந்தால் 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். அறிக்கையில் பிழை செய்தவர் அவர். நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை.

ஏற்காடு எழுதியது:

சூரமங்கலம் அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வேலை அனுமதி ரத்தானால் பெரும்பாலும் 30 நாளுக்குள் வேறு வழி தேட வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும்; வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அதற்குள் அடங்கிவிடாது. வந்த புதிதில் அந்தக் கவலையோடுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தேன். சட்டம் பேசுவதற்குமுன் உறவைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், தம்பி. திங்கட்கிழமை சுருக்கமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

உருக்காலை ஓய்வு எழுதியது:

நான் சேலம் உருக்காலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது ஊரில்தான் இருக்கிறேன். ஒரு குறையைக் கண்டால் உடனடி மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவிப்பதும், நகலைப் பத்திரப்படுத்துவதும் எங்கள் காலத்து ஒழுங்கு. தம்பி அதைத்தான் செய்திருக்கிறார். எழுதியதைத் திரும்பப் பெறுவதோ அதற்கு வருந்துவதோ தேவையற்றது. பின்னாளில் அந்த அளவீட்டால் இயந்திரம் பழுதுபட்டால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று இவரைத்தானே கேட்பார்கள்?

ஆத்தூர் எழுதியது:

யார் என்ன செய்தாலும் புதிதாக வந்தவர்மேல்தான் பழி விழும். மெல்பர்னில் என் குழுவில் மதிய உணவுக்கு எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள்; என்னைக் கூப்பிட வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. அவர்கள் வெளியே பேசி முடித்ததைக் கூட்டத்தில் வந்து அறிவிப்பார்கள்.

சூரமங்கலம் எழுதியது:

உண்மை. இங்கே காபி இயந்திரத்தின் அருகில் பாதி முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எனக்கு மொழி வராத காலத்தில் அங்கே நின்றும் பயனில்லை. ஊரில் இருந்து வந்த நம்மவர்களே மேலாளரான பின் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்பது இன்னும் பெரிய வருத்தம்.

ஆத்தூர் எழுதியது:

அந்த வருத்தத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எங்கள் ஊர்ச் சங்கத்திலும் பொங்கல் விழாக் குழு இரண்டாகப் பிரிந்து, ஒரு தரப்பு மறு தரப்போடு செயலாளர் வழியாக மட்டுமே பேசுகிறது.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

பொறுங்கள். இவருக்குத் திங்கட்கிழமை சந்திப்பு இருக்கிறது. இவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூட நாம் இன்னும் கேட்கவில்லை. தம்பி, நாடு எது, ஒப்பந்தம் நிரந்தரமா காலவரையறை உள்ளதா, சோதனைக்காலம் முடிந்ததா, அழைப்பில் காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்பவற்றைச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை எழுதியது:

மன்னிக்கவும், அண்ணா. நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரம். ஓராண்டு ஒப்பந்தம், சோதனைக்காலம் போன மாதம் முடிந்தது. உயர்திறன் பணியாளர் அனுமதியில் வந்திருக்கிறேன். அழைப்பில் ‘குழுவில் ஒத்துழைப்பு பற்றிய உரையாடல்’ என்று மட்டும் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

நானும் இந்த நாட்டில்தான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இங்கே சோதனைக்காலம் அதிகபட்சம் 1 மாதம். அதற்குள்ளாகத்தான் அவர்கள் எளிதாக அனுப்பிவிட முடியும். இப்போது உங்களை நீக்க வேண்டுமானால் பொதுவாக அரசின் தொழிலாளர் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதியோ நீதிமன்றத்தின் தீர்ப்போ வேண்டும், அல்லது உங்கள் சம்மதம் வேண்டும். வேலையில் குறை என்று காட்டுவதானால், திருத்திக்கொள்ளப் போதிய வாய்ப்பு தரப்பட்டதா என்று நீதிபதி பார்ப்பார். ஆகவே விலகல் கடிதம் எழுதவே எழுதாதீர்கள். தானே விலகியவருக்கு வேலையின்மை உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது. வேலை போனால் உங்கள் அனுமதியில் உள்ளவர்களுக்கு வேறு வேலை தேட 3 மாதம் வரை இடமுண்டு என்பதையும் அறிந்து வைத்திருங்கள். சந்திப்பில் ஏதேனும் ஒப்பந்தத்தை நீட்டினால் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாங்கி வாருங்கள், அங்கேயே கையெழுத்திட வேண்டாம். ஒருவேளை இட்டுவிட்டாலும், பிரிவு ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் பின்வாங்கும் உரிமை உண்டு.

ஆனால் அழைப்பின் வாசகத்தைப் பார்த்தால் இது நீக்கும் பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் சிக்கல் அந்த மூத்தவரோடு இருக்கிறது; அதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் அவர் மானத்தைக் காப்பதற்காகக் கூட்டத்தில் பேசாமல் இருந்தீர்கள். அவருக்கு அது தெரியாது. தம்மைத் தாண்டிப் புகார் போனது மட்டுமே தெரியும். ஓய்வு பெற்ற ஐயா சொன்ன ஒழுங்கை இங்கே பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஹாஃப்ஸ்டீட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய விடைகளைக் கொண்டு நாடுகளுக்கு அதிகார இடைவெளி எண் கணக்கிட்டார்; மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்களோ அவ்வளவுக்கு அந்த எண் உயரும். அதில் இந்தியாவுக்கு 77, நெதர்லாந்துக்கு 38. அந்த எண் நாட்டுச் சராசரியைச் சொல்கிறதே தவிர, உங்கள் மேலாளர் இப்படிப்பட்டவர் என்று சொல்லாது. எனினும் அவர் உங்கள் மின்னஞ்சலை ஏன் ஒளிவின்றி முன்னனுப்பினார் என்பது அதனால் ஓரளவு விளங்கும்: அதை இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய செய்தியாகவே அவர் பார்த்திருக்கிறார். நம் ஊருக்கும் இது புதிதில்லை. எங்கள் தெருவில் கொலுசின் வெள்ளித் தரம் குறைந்திருந்தால் பட்டறைக்காரரைத் தனியே அழைத்துக் கேட்ட பின்புதான் கடை முதலாளியிடம் பேச்சுப் போகும்.

எனவே அனைவருக்கும் மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அது நேற்றுவரை இதைக் கவனிக்காதவரையும் உள்ளே இழுக்கும். அந்த மூத்தவரிடம் மட்டும் நேரில் இரண்டு செய்திகளைப் பிரித்துச் சொல்லுங்கள்: உங்களிடம் முதலில் வந்திருக்க வேண்டும், வராததற்கு வருந்துகிறேன்; அளவீட்டைப் பற்றி எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது, சேர்ந்து பார்க்கலாமா? பிழையைச் சுட்டியதற்கு வருந்தாதீர்கள். அங்கே குரலைத் தாழ்த்தினால் அடுத்த அறிக்கையில் பிழை வந்தாலும் உங்களால் பேச முடியாமல் போகும்.

மனிதவளத் துறைக்கு இன்றே சுருக்கமாக எழுதி, பேசப்போகும் பொருள்களையும் வருபவர்களின் பெயர்களையும் ஆங்கிலத்தில் கேளுங்கள். சந்திப்பு முடிந்ததும் நீங்கள் புரிந்துகொண்டதை ஐந்தாறு வரியில் எழுதி இருவருக்கும் அனுப்புங்கள். நிறுவனத்தில் நம்பிக்கை ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். மேலாளரிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லலாம்.

அம்மாபேட்டை எழுதியது:

நன்றி, அண்ணா. மனிதவளத் துறைக்கு இப்போதே எழுதிவிடுகிறேன். அந்த மூத்தவர் நாளை அலுவலகத்துக்கு வரமாட்டார், வீட்டிலிருந்து வேலை செய்கிறார். மின்னஞ்சலில் எழுதலாமா?

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

வேண்டாம், இந்தத் தகராறு மின்னஞ்சலில்தான் தொடங்கியது. கால் மணி நேரம் பேச முடியுமா என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டு, காணொளியில் முகம் பார்த்துப் பேசுங்கள்.