பழைய டிஸ்கோன் ஆண்டெனாவில் 50 மெகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழேயும் கேட்க என்ன செய்யலாம்?

இரைச்சல்_பிரியன்:
செகண்ட் ஹேண்டில் ஒரு டிஸ்கோன் (பல அலைவரிசைகளைக் கேட்க உதவும் தட்டு-கூம்பு ஆண்டெனா) வாங்கினேன். மேலே தட்டு மாதிரி எட்டுக் கம்பி, கீழே கூம்பாக எட்டுக் கம்பி. கூம்புக் கம்பி ஒவ்வொன்றும் 63 செ.மீ. விமானப் பேச்செல்லாம் ஸ்கேனரில் (அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோவில்) கணீரென்று விழுகிறது. ஆனால் 50 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பேண்டுக்கு (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் பேசும் இடத்துக்கு) வந்தால் ஒன்றுமில்லை. கீழே 30 வரைக்கும் அதே கதைதான். தட்டின் நடுவில் மரை போட்ட ஒரு துளை காலியாக இருக்கிறது. கூம்புக் கம்பிகளில் அலுமினியக் குழாய் செருகி நீட்டிவிடட்டுமா?

சாலிடர்_தாத்தா:
நீட்ட வேண்டாம் தம்பி. கூம்புக் கம்பி கால் அலை நீளம் இருக்க வேண்டும்; 75ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அது மீட்டரில் வந்துவிடும். உன் 63 செ.மீ. கம்பிக்கு 119 வருகிறது. டிஸ்கோன் அதற்கு மேலேதான் ஒழுங்காக வேலை செய்யும்; கீழே போனால் சட்டென்று படுத்துவிடும். 50க்கு இறக்க வேண்டுமென்றால் எட்டுக் கம்பியும் ஒன்றரை மீட்டர் ஆக வேண்டும், தட்டும் ஒரு மீட்டர் அகலத்துக்கு வளர வேண்டும். ஒரு பெருங்காற்று போதும், கம்பத்தோடு கீழே வரும்.

அந்தக் காலித் துளையில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே நிமிர்ந்த கம்பி ஒன்று, அடியில் காயிலோடு (ஒயர்ச் சுருளோடு) இருந்திருக்கும். அதைத் திரும்பச் செய்துவிடு. 1 மீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. அதற்கும் தட்டுக்கும் நடுவில், 15 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் தண்டில் ஒன்பது சுற்று ஒயர், 2 செ.மீ. நீளத்துக்குப் பரவலாக. காயிலின் தூண்டல் அளவு ஏறக்குறைய 0.65 மைக்ரோஹென்றி வரும், 50க்குப் பக்கத்தில் ஒத்திசையும். நிலையான சிக்னல் ஒன்றைக் கேட்டுக்கொண்டே சுற்றுகளை நெருக்கியும் விலக்கியும் சரிசெய்துகொள். 30 பக்கம்தான் முக்கியம் என்றால் சுற்றுகளைக் கூட்டு.

இரைச்சல்_பிரியன்:
காயில் எதற்கு, தாத்தா? 1.43 மீட்டர் கம்பியை நேராகவே மாட்டினால் 50க்குச் சரியாக வருமே?

சாலிடர்_தாத்தா:
வரும். ஆனால் அதே கம்பி 150இல் முக்கால் அலை. தட்டோடு நேரடியாக ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து வேலை செய்து சிக்னலை வானத்துப் பக்கம் தூக்கிவிடும், இப்போது நன்றாகக் கேட்கிறதும் கெட்டுப்போகும். காயில் இருந்தால் அலைவரிசை ஏற ஏற அதன் தடையும் ஏறும். மேல் பேண்டுகளுக்குக் கம்பி இருப்பதே பெரிதாகத் தெரியாது.

அப்புறம் இன்னொன்று. பழைய சாமான் என்பதால் முதலில் மல்டிமீட்டரை எடு. கனெக்டரின் நடு ஊசிக்கும் தட்டுக்கும் பீப் வர வேண்டும். வெளி உறைக்கும் எட்டுக் கூம்புக் கம்பிக்கும் தனித்தனியாக வர வேண்டும். பச்சைப் பாசி பிடித்த மரை ஒன்று இருந்தாலும் கழற்றித் தேய். பாதிப் பேர் ஆண்டெனாவைக் குறை சொல்வது இந்த மரைகளால்தான்.

கேபிள்காரன்:
தாத்தா சொன்னதோடு ஒரு விஷயம். 50இல் அந்தக் கூம்பு, நிமிர்ந்த கம்பிக்கு மறுபாதியான தரைப் பக்கம் மட்டுமே; அதுவும் குட்டை. மீதி வேலையைக் கோஆக்ஸ் (ஆண்டெனா) கேபிளின் வெளி உறையும் இரும்புக் கம்பமும் ஏற்றுக்கொள்ளும். வீட்டு எல்ஈடி பல்பு, சார்ஜர் இரைச்சலெல்லாம் அந்த வழியாகவே ஏறி வரும். கூம்பின் கழுத்தில் எதிரெதிராக 1.4 மீட்டர் ஒயர் இரண்டு கட்டிச் சாய்வாக இறக்குங்கள். அதன் கீழே கேபிளில், உறைமேல் ஏறும் இரைச்சலைத் தடுக்க, ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்கள் நாலைந்து கோர்த்துவிடுங்கள். கம்பத்தின் மேல்பகுதி மட்டும் மின்சாரம் கடத்தாத ஃபைபராக இருந்தால் இன்னும் நல்லது.

இரைச்சல்_பிரியன்:
மீட்டரில் பார்த்தேன், மூன்று கூம்புக் கம்பிக்குப் பீப்பே வரவில்லை! தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இதையே சிற்றலைக்கும் இழுக்கலாமா?

சாலிடர்_தாத்தா:
அதற்கு இதைத் தொடாதே. 30க்குக் கீழே காற்றிலேயே இரைச்சல் அதிகம், ஆண்டெனா திறமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பத்துப் பதினைந்து மீட்டர் ஒயர், அதைக் கேபிளோடு பொருத்த ஒரு 9:1 டிரான்ஸ்ஃபார்மர், தனி கேபிள் போதும். முதலில் மரைகளை முடி.