பிளட் பிரெயின் பேரியர்: திறக்குமா, தளருமா?

கரிசல் (செவ்வாய், இரவு 10:50)

எல்லாருக்கும் வணக்கம். வருகிற 28ஆம் தேதி உலக வெறிநாய்க்கடி நோய் நாள். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தமிழில் ஒரு கையேடு கேட்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். கடித்த இடத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுவது, தடுப்பூசி, எல்லாம் முடிந்தது. நோய் வெளிப்பட்ட பிறகு மருந்து ஏன் பலிப்பதில்லை என்கிற அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு வாக்கியம்:

"மூளையிலிருந்து வைரஸ் நீங்க வேண்டுமானால் ______ திறந்தாக வேண்டும், வெறிநோயில் பெரும்பாலும் அது திறப்பதில்லை."

கோடிட்ட இடத்தில் வர வேண்டியது பிளட் பிரெயின் பேரியர், ரத்தத்தில் இருப்பவை கண்டபடி மூளைக்குள் போகாமல் தடுக்கிற அமைப்பு. தேடினால் இரத்த மூளைத் தடை, குருதி மூளைத் தடுப்பு, மூளை வேலி என்று ஆளுக்கொன்று கிடைக்கிறது. எதைப் போட்டாலும் 'திறக்க' ஒட்ட மாட்டேன் என்கிறது. தடை நீங்கும், விலகும், தகரும். தடை திறக்குமா?

ஏட்டுச்சுவடி (புதன், காலை 5:15)

அம்மா, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். அரண்! வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய சொல். அரணுக்கு வாயில் உண்டு, வாயில் இருந்தால் திறக்கும், உங்கள் வினைச்சிக்கல் தீர்ந்தது. 'இரத்த மூளைத் தடை' என்பதில் இரத்தமும் மூளையும் உம்மைத்தொகையா, இரத்தத்தின் மூளையா என்று மாணவன் கேட்டால் யார் பதில் சொல்வது? மூளையரண் என்றால் நான்காம் வேற்றுமைத் தொகை, மூளைக்கு அரண், ஐயமே இல்லை. குருதி வேண்டும் என்று அடம்பிடித்தால் குருதியரண். குருதி என்பது நிறத்தால் பெற்ற பெயர் என்பேன், 'குருவும் கெழுவும் நிறனா கும்மே' என்று தொல்காப்பிய உரியியலிலேயே இருக்கிறது. இன்னும் சுருக்கம் வேண்டுமா? மதிலைக் காப்பது நொச்சித் திணை. தொல்காப்பியர் அதை மதிலை முற்றுகையிடும் உழிஞைக்குள்ளேயே அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாக்கியது. மூளைநொச்சி! ஐந்தே எழுத்து.

மாட்டு டாக்டர் (புதன், காலை 7:40)

ஐயா, நொச்சி என்றால் எங்கள் பக்கம் தலைவலிக்கு ஆவி பிடிக்கிற இலை. கையேட்டில் மூளைநொச்சி என்று போட்டால் நாய் கடித்தவருக்கு நொச்சி கொதிக்க வைத்துவிடுவார்கள், ஏற்கெனவே கடிவாயில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு என்று அப்பிக்கொண்டு வருகிறவர்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை.

விளையாட்டு இருக்கட்டும். அரண் என்ற சொல்லோடு எனக்கு உண்மையிலேயே பிணக்கு இருக்கிறது. படிக்கிற காலத்தில் வெறிபிடித்துச் செத்த நாயின் மண்டையைத் திறந்து மூளையை எடுத்தோம். இவ்வளவு ஆட்டம் ஆடிய விலங்கின் மூளை கூழாகிக் கிடக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை, கழுவி வைத்த மாதிரி இருந்தது. துண்டெடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்த பிறகுதான் நரம்பணுவுக்குள் கருஞ்சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக வெறிநோயின் அடையாளமான நெக்ரி உருண்டைகள் தெரிந்தன (1903இல் நெக்ரி கண்டது). சுற்றிலும் வெள்ளையணுக் கூட்டம் இருக்க வேண்டுமே என்றேன். ஆசிரியர், "அது வரவே இல்லைடா, அதனால்தான் நாய் செத்தது" என்றார்.

விஷயம் அதுதான். நரம்பு வழியாகவே ஏறுகிற வைரஸ் இந்தத் தடுப்பைத் தாண்டி வரவே இல்லை, பின்வாசல் வழியாக ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வெளியே நிற்பவை வைரஸை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருளும் டி அணுக்கள் என்கிற வெள்ளையணுக்களும். ரிபாவிரின் போன்ற வைரஸ் மருந்துகளும் போதிய அளவு உள்ளே போவதில்லை. பிலடெல்பியாவில் எலிகளில் செய்து பார்த்து 2007இல் எழுதினார்கள்: வீரியம் குறைந்த வைரஸ் ஏற்றியவற்றில் தடுப்பு திறந்துகொண்டது, பிழைத்தன, ஒருவகை வௌவாலின் வைரஸ் ஏற்றியவற்றில், ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தும், அடைத்தது அடைத்தபடி கிடந்தது, செத்தன. அரண் என்றால் படிப்பவன் மனதில் 'நல்லது, காக்கிறது' என்று விழும். இங்கே திருடனை உள்ளே வைத்துக்கொண்டு போலீஸுக்குக் கதவு திறக்காத வீடு அது.

என் ஓட்டு மதகு. ஏரி மதகு. மூடும், திறக்கும், வேண்டிய அளவுக்கு விடும், கரையும் நிற்கும். குருதி மதகு. மதகு திறந்தது என்று ஆறாவது படிக்கிற பிள்ளைக்கும் புரியும்.

ஏட்டுச்சுவடி (புதன், காலை 8:05)

டாக்டர் தம்பி அரண் அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பார்க்க வேண்டும். 'வினைமாட்சி இல்லார்கண் இல்லது அரண்.' செயல்திறம் இல்லாதவனுக்கு அரண் இருந்தும் இல்லாததே. நீங்கள் சொன்ன வெறிநோய் இதுதானே. ஆகவே என் கட்சிக்கே நீங்கள் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

மதகு நீரியல் சொல். மடு, மடை, மடுத்தல் என்னும் வரிசையில் வைத்து ஆராய வேண்டியது, அதைப் பிறகு தனியே எழுதுகிறேன். (எழுதாதீர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.)

யாழ்பாடி (புதன், பகல் 12:20)

வணக்கம். நீங்கள் எல்லாரும் குருதியைத் தனித்தமிழ்ப் பண்டம் மாதிரித் தூக்கிப் பிடிப்பது எங்களுக்குச் சிரிப்பு. எங்கட பக்கம் குருதியமுக்கம், குருதிக்கொடை என்றுதான் ஆஸ்பத்திரிப் பலகையிலேயே இருக்கும், ஒருவரும் அதற்காக மார்தட்டுவதில்லை. ஆனால் இம்யூனிட்டிக்கு நாங்கள் நிர்ப்பீடனம் என்போம், ஏட்டுச்சுவடி ஐயா அதைக் கேட்டால் மயங்கி விழுவார். வெறிநோயும் எங்களுக்கு விசர்நோய்தான்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மேனாட்டு மருத்துவம் படிப்பித்தபோது அனாட்டமிக்கு அங்காதிபாதம் என்றார். எவ்வளவு கனமான சொல்! ஆனாலும் பெடியள் படித்தார்கள், வைத்தியர் ஆனார்கள். சொல் புரிகிறதா என்பதை விட ஒரே சொல்லை எல்லாரும் சொல்கிறார்களா என்பதுதான் வகுப்பில் முக்கியம். குருதி மூளைத் தடுப்பு என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

மற்றது, மதகு என்றால் ஒரு இடத்தில் இருக்கும். இது மூளைக்குள் ஓடுகிற தந்துகி (மயிரிழை போன்ற ரத்தக்குழாய்) அத்தனையின் சுவரும். 1885இல் ஏர்லிக் ரத்தத்தில் சாயம் செலுத்தியபோது உடம்பெல்லாம் ஊறி மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது; 1913இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் நீலச் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் விட்டார், மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் ஆகவில்லை. எங்கே மதகு?

தாமிரபரணி (புதன், மாலை 4:30)

நான் பொதுவாகப் படிப்பதோடு சரி. என் பெரியப்பாவுக்குச் சின்ன வயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். கடைசி நாள்களில் ஊசி குத்த இடமில்லாமல் நர்ஸ் விரலால் தடவித் தடவிப் பார்த்தாராம், வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது என்பார். அது ஆட்டு மூளையில் செய்த மருந்து. கசௌலியில் செம்பிள் 1911இல் கொண்டு வந்த முறை, இந்தியாவில் 2004 முடிவு வரைக்கும் தயாரித்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கைகால் விழுந்துவிடும், ஏனென்றால் ஆட்டு மூளையை எதிர்க்கக் கற்ற உடம்பு தன் மூளையையே எதிர்க்கத் தொடங்கும். அதனால் திறந்தால் எப்போதும் நல்லது என்றும் எழுத முடியாது இல்லையா? டாக்டர் சார் சொல்வது ஒரு பாதி என்று படுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

மாட்டு டாக்டர் (புதன், மாலை 6:10)

தப்பே இல்லை. மில்வாக்கியில் 2004இல் வௌவால் கடித்த 15 வயதுப் பெண்ணுக்குச் செய்ததும் இந்த இழுபறிதான். கெட்டமைன், மிடாசோலம் கொடுத்து ஆழ்மயக்கத்தில் வைத்தார்கள், கூடவே ரிபாவிரினும் அமன்டடினும். தடுப்பூசி வேண்டுமென்றே போடவில்லை. அவள் உடம்பே எதிர்ப்பொருள் உண்டாக்கத் தொடங்கியிருந்தது, அது வேலை செய்யும் வரை மூளையை ஓய்வில் வைத்து நேரம் வாங்குவது திட்டம். பிழைத்தாள். அதே முறையைப் பிறகு பலருக்குச் செய்தும் பெரும்பாலும் பலிக்கவில்லை, மருந்தால் பிழைத்தாளா அவள் உடம்பின் எதிர்ப்பால் பிழைத்தாளா என்று இன்னும் சண்டை. கரிசல், இதைக் கட்டாயம் அடிக்குறிப்பாகவாவது போடுங்கள், 'மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

கரிசல் (புதன், இரவு 11:35)

அனைவருக்கும் நன்றி. எனக்கு இன்னும் எட்டு மணி நேரம்தான் இருக்கிறது, அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன், திட்டாதீர்கள்.

யாழ்பாடி அண்ணன் 'சுவர்' என்று எழுதியதைப் பார்த்ததும்தான் உறைத்தது. பெயர்ச்சொல்லோடு மல்லுக்கு நின்றேன், மாற்ற வேண்டியது வினையை. அந்தத் தந்துகிச் சுவரில் அணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டியிருக்கின்றன, அந்த இறுக்கம் குறைவதைத்தான் மூலத்தில் 'திறப்பது' என்று எழுதியிருக்கிறார்கள். இறுகியது தளரும். எனவே:

"மூளையிலிருந்து வைரஸ் நீங்க வேண்டுமானால் குருதி-மூளைத் தடுப்பு அளவோடு தளர்ந்தாக வேண்டும், வெறிநோயில் பெரும்பாலும் அது தளர்வதில்லை."

'அளவோடு' தாமிரபரணிக்காக. சிறுகோடு ஏட்டுச்சுவடி ஐயாவின் உம்மைத்தொகைக் கவலைக்காக. தலைப்பில் மட்டும் வெறிநாய்க்கடி நோய், உள்ளே வெறிநோய்.

யாழ்பாடி (வியாழன், அதிகாலை 1:05)

தளர்தல் நல்லாயிருக்கு. நான் சம்மதம்.

தாமிரபரணி (வியாழன், காலை 6:00)

நானும்.

ஏட்டுச்சுவடி (வியாழன், காலை 6:20)

தமிழில் சிறுகோடு என்று ஒன்று கிடையாது. அது அச்சகத்தார் கொண்டு வந்த பழக்கம். குருதிமூளைத்தடுப்பு என்று சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? தளர்தல் சரி. தடுப்பு சரியில்லை. கருத்தடுப்பு போல மூளை உண்டாகாமல் தடுப்பது என்று பொருள்படும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். மதகு பற்றிய கட்டுரை இணைப்பில், 14 பக்கம்.

மாட்டு டாக்டர் (வியாழன், காலை 9:15)

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் வகுப்பில் மதகு என்றுதான் சொல்லப்போகிறேன். கரிசல், அச்சுக்குப் போய்விட்டதா? 7ஆம் பக்கத்தில் ரேபீஸ் என்றும் 9ஆம் பக்கத்தில் ராபீஸ் என்றும் இருக்கிறது.